பணிமனைத் தொழிலாளரின் தோழர் சிங்காரவேலர்

தென்னிந்தியாவில் தொழிற்சங்கமும் பொதுவுடைமைச் சிந்தனையும் வேரூன்றப் பாடுபட்டவர்களுள் முதல்வர் ம. சிங்காரவேலர். இவர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, சட்டம் கற்று, உயர்நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். நூல்கள் மீது பெருவிருப்பம் கொண்ட அவர், தம் இல்லத்திலேயே பெரிய நூலகம் ஒன்றை அமைத்திருந்தார்.

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது, 1921இல் சிங்காரவேலர் வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். அரசியல் விடுதலை மட்டும் போதாது. உழைப்பவரின் வறுமையும் நீங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடச் செய்தார். இந்தியாவில் நடைபெற்ற முதல் மே நாள் விழா அதுவே. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டிற்கும் அவரே தலைமை தாங்கினார்.

அக்காலத்தில் இரயில்வே பணிமனைகளே நாட்டின் பெருந்தொழிற்கூடங்களாக விளங்கின. இரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் அங்குப் பழுது பார்க்கப்பட்டன. 1927இல் கரக்பூர் இரயில்வே தொழிலாளர் போராடியபோது சிங்காரவேலர் அங்குச் சென்று துணை நின்றார்.

மறு ஆண்டு அதே துன்பம் தமிழகத்தைத் தேடி வந்தது. தென்னிந்திய இரயில்வே நிருவாகம் நாகப்பட்டினம் பணிமனையைத் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு மாற்ற முடிவு செய்தது. தொழிலாளருக்குத் திறன் தேர்வு நடத்தி, ஆட்களைக் குறைக்கவும் திட்டமிட்டது. பல ஆண்டுகள் உழைத்துப் பழகிய கைகளை ஒரு தேர்வினால் தள்ளிவிடுவதைத் தொழிலாளர் ஏற்கவில்லை. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தென் மாவட்டங்களில் இரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது.

அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. முதுமையைப் பொருட்படுத்தாமல் போராட்டத்தில் முன்னின்றார். அரசு அவரையும் முகுந்தலால் சர்க்காரையும் பிற தலைவர்களையும் கைது செய்தது. அம்மாத இறுதிக்குள் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட, 1930இல் விடுதலை பெற்றார்.

தோல்வி அவரைத் தளரச் செய்யவில்லை. பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியல் கட்டுரைகள் பல எழுதினார். அறியாமையும் மூடநம்பிக்கையும் நீங்கினால்தான் உழைப்பவர் தம் உரிமையை உணர்வர் என்று அவர் கருதினார். 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று சிங்காரவேலர் மாளிகை என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வசதியாக வாழும் வாய்ப்பிருந்தும், பிறர் வேலை இழக்கக்கூடாது என்பதற்காகத் தம் முதுமையைச் சிறையில் கழித்தவர் சிங்காரவேலர். வெற்றி தோல்வியைக் கொண்டு மட்டும் அவர்தம் தொண்டினை அளவிட இயலாது.

பயிற்சி

1. பொருள் அறிக: பணிமனை – தொழிற்கூடம், துறந்தார் – கைவிட்டார், தளர – சோர்வடைய.
2. 1928இல் இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது ஏன்?
3. கல்வி, தொழிலாளரின் உரிமைக்கு எவ்வாறு துணை செய்யும்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. பெங்களூருவில் உள்ள பெருந்தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவரிடம் பேசி, அவர்தம் பணி குறித்து வகுப்பில் உரையாற்றுக.