எறும்பு, குளவி, மாந்தோப்பு: ரமணர் வாழ்வில் பூச்சிகள்

திருவண்ணாமலை என்றதும் தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் அடுத்தபடியாக நினைவுக்கு வருபவர் ரமண மகரிஷி. மௌனம், ஆன்ம விசாரம் என்றே அவரைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். ஆனால், அவர் இந்த ஊருக்கு வந்த புதிதில் அவரை விடாமல் தேடி வந்தவை பூச்சிகள்தான்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். மதுரையில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், வீட்டைவிட்டுக் கிளம்பி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அப்போது வயது 16. கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் மீது சிறுவர்கள் கல் எறிந்தார்கள். அவர் இருட்டான பாதாள லிங்க அறைக்குள் போய்விட்டார். கல் நின்றது, பூச்சிக்கடி தொடங்கியது. தொடையில் ரத்தமும் சீழும் வடிந்தும் அவருக்கு அந்த நினைப்பே இல்லை. மற்றவர்கள்தான் வெளியே தூக்கிவந்தார்கள்.

1897 தொடக்கத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் குருமூர்த்தத்துக்குப் போனார். அங்கே எறும்புத் தொல்லை. ஒரு முக்காலியின் கால்களைத் தண்ணீரில் நிற்கவைத்து, அதில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர் சுவரில் சாய்ந்தார். எறும்புகள் சுவர் வழியாக வந்துவிட்டன!

1898 மே மாத வாக்கில் பக்கத்திலேயே இருந்த வெங்கடராம நாயக்கரின் மாந்தோப்புக்கு மாறினார். அனுமதியில்லாமல் யாரும் நுழைய முடியாது என்பதால் கூட்டம் குறைந்தது. உடனிருந்த பழனிசாமி கொண்டுவந்த வேதாந்த நூல்களை அவர் படித்துப் பொருள் சொன்னது இங்கேதான். சித்தப்பா நெல்லையப்ப ஐயர் அவரைக் கண்டுபிடித்ததும் இந்தத் தோப்பில்தான். கூப்பிட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை.

மே என்றால் மாங்காய்க் காலம். பூ முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். அந்தக் காய்களுக்குப் பின்னால் யாருடைய வேலை இருக்கிறது?

தேனீ என்று சட்டென்று சொல்லிவிடலாம். மாமரத்தில் பெரிய பங்கு ஈக்களுக்கு. ஒரு பூங்கொத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். பாதிக்கு மேல் வெறும் ஆண் பூக்களாகவே இருப்பதுண்டு. தேன் ஆழத்தில் இல்லாமல் மேலாகவே இருப்பதால், நீண்ட நாக்கு இல்லாத ஈயும் குடிக்கலாம். குப்பையில் மொய்க்கிறதே என்று முகம் சுளிக்கிறோமே, அந்த நீல ஈகூட மகரந்தத்தைச் சுமக்கிறது. கொடுக்கில்லாத கொசுத்தேனீ, குளவி, வண்டு என்று மற்றவையும் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வளர்ப்பதில்லை. வேலியோரப் புதரிலும் மரப்பொந்திலும் மண்ணிலும் தானாக வாழ்பவை. தத்துப்பூச்சிக்குப் பயந்து மா நன்றாகப் பூத்திருக்கும்போதே மருந்து அடித்தால், தத்துப்பூச்சியோடு இவையும் போகும். காய் பிடிப்பு குறையும்.

தோப்பில் சுமார் ஆறு மாதம் இருந்த ரமணர், 1899இல் மலையேறி விரூபாட்ச குகையில் தங்கினார். மலையில்தான் அந்தக் குளவிச் சம்பவம். புதருக்குள் இருந்த கூட்டில் தெரியாமல் அவர் தொடை பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலையே குறிவைத்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்த காலுக்கு இது சரியான தண்டனைதான் என்று, அவை கொட்டி முடிக்கும்வரை அப்படியே நின்றார். கால் வீங்கிவிட்டது. இதை வெறும் பொறுமைக் கதையாகச் சொல்வது வழக்கம். அதில் ஒரு நியாயக் கணக்கு இருக்கிறது: வீடு குளவியுடையது, அத்துமீறியது கால்.

1916இல் கந்தாசிரமத்துக்குப் போனார். 1922இல் தாயார் அழகம்மாள் மறைந்தபின் மலையடிவாரத்துக்கு இறங்கினார். அதுவே ரமணாசிரமம் ஆனது. அங்கே பசு, குரங்கு, அணில், மயில் எல்லாவற்றுக்கும் உரிமை இருந்தது. மரத்துக்கும்தான். ஆசிரமத்து மாமரத்தில் ஆட்கள் காய் பறிக்கக் கம்பால் அடித்ததில் இலைகள் கொட்டின. அதிர்ந்து பேசாத ரமணர் அன்று அவர்களைக் கடிந்துகொண்டார். காய் கொடுக்கிற மரத்துக்கு அடியா கூலி என்பதுதான் அவர் கோபம்.

மகரந்தச் சேர்க்கை பற்றி அவர் பாடம் எடுத்தவர் இல்லை. இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்குப் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தும் பலனில்லாமல், 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.