ஊர் பெயரைச் சொல்ல முடியாத பயில்வான்

நம் குடியிருப்பில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் மல்யுத்தம் என்று சொன்னால் ட்ரம்ப் கார்டுதான் நினைவுக்கு வரும். ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர் படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு என்று விளையாடித் தீர்த்த தலைமுறை அது. அவர்களுடைய அப்பா அம்மாவைக் கேட்டால் தாராசிங், கிங்காங் என்பார்கள். தெருவில் யாராவது தோளை விரித்துக்கொண்டு நடந்தால், பெரிய தாராசிங் என்று கேலி செய்வது இன்றும் நம் பேச்சில் இருக்கிறது.

இந்த இரண்டு தலைமுறைக்கும் அதிகம் தெரியாத ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெயர் ரிகிடோசான். ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தத்தை வேரூன்றச் செய்தவர். நம் பகுதிக்கும் ஜப்பானுக்கும் தொடர்பு உண்டு. திருவள்ளூரில் மிட்சுபிஷி கார்கள் தயாராயின. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, தடாவுக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ ஆலைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஜப்பானியர் ஒருவரிடம் ரிகிடோசான் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக வளரும்.

சுமோ மேடைக்கு வந்த சிறுவன்

ஜப்பானின் மாபெரும் நாயகன் என்று கொண்டாடப்பட்ட இவர் ஜப்பானில் பிறந்தவர் அல்லர். இயற்பெயர் கிம் சின்-ராக். 1924-இல் கொரியாவின் தென் ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். அந்த இடம் இப்போது வட கொரியாவில் இருக்கிறது. 1910 முதல் கொரியா முழுவதும் ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலம் அது.

கொரியாவின் கிராமங்களில் இடுப்பில் கட்டிய துணியைப் பற்றிக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்தும் மல்யுத்தம் உண்டு. அதில் சிறுவன் கிம் பலசாலி என்று பெயரெடுத்தான். நாகசாகி மாவட்டத்து ஓமுரா ஊரைச் சேர்ந்த மோமோதா என்பவரின் கண்ணில் பட்டதால் ஜப்பானுக்கு வந்து, 1940-இல் சுமோ மேடையேறினான். ரிகிடோசான் என்பது அங்கே சூட்டப்பட்ட பெயர்.

சுமோவில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தரவரிசைப் பட்டியல் அச்சாகும். வீரரின் பெயருக்கு மேல் அவருடைய சொந்த ஊரும் இருக்கும். தொடக்கத்தில் இவருக்குக் கொரியா என்றுதான் போட்டார்கள். பிறகு அது நாகசாகி என்று மாறியது. சட்டப்படியான பெயரும் மோமோதா மிட்சுஹிரோ ஆனது. ஓமுராவில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர் என்ற கதையை நாடு முழுவதும் நம்பியது.

சுமோவில் மேலிருந்து மூன்றாவது படியான செகிவாகே வரை உயர்ந்தார். நுரையீரலில் நோய், குருவோடு பண விஷயத்தில் மனத்தாங்கல். 1950-இல், சுமோ வீரருக்கு உயிரான குடுமியைத் தன் கையாலேயே அறுத்துவிட்டு வெளியேறினார். அப்போது வயது 25. அடுத்து அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை.

தெருமுனைத் தொலைக்காட்சி

1951-இல் அமெரிக்க மல்யுத்த வீரர்கள் சிலர் ஜப்பானுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பாபி பிரன்ஸுடன் அக்டோபர் 28 அன்று ரிகிடோசான் பத்து நிமிடம் மோதினார். வெற்றி தோல்வி இல்லை. மறு ஆண்டு ஹவாய்க்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அமெரிக்காவில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, கூட்டம் எதற்குக் கைதட்டுகிறது என்பதையும் கவனித்துக்கொண்டு திரும்பினார். 1953-இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் அதே 1953-இல்தான். பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் மிகக் குறைவு. அதனால் ரயில் நிலைய வாசல்களிலும் தெருமுனைகளிலும் பெட்டிகளை உயரத்தில் பொருத்தினார்கள். ஒலியும் ஒளியும் பார்க்கப் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி முன்னால் ஊரே திரண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமே மண்டபத்தில் ரிகிடோசானும் ஜூடோ மேதை கிமுரா மசஹிகோவும் ஓர் அணி. எதிரணியில் பென், மைக் என்ற ஷார்ப் சகோதரர்கள். உண்மையில் அவர்கள் கனடாக்காரர்கள். ஜப்பானியர் கண்ணுக்கு அமெரிக்கர்கள். போரில் தோற்று ஒன்பது ஆண்டு. அமெரிக்கப் படையின் ஆட்சி முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஆறடிக்கு மேல் உயர்ந்த வெள்ளையர்களை, விரித்த கையின் விளிம்பால் மார்பில் அறைந்து தன்னைவிடச் சிறிய ஒருவர் பின்வாங்க வைத்தார். ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் நின்றபடி ஆரவாரம் செய்தார்கள். அந்த அடிக்குக் கராத்தே வெட்டு என்று பெயர் வந்தது.

இது நிஜச் சண்டையா என்ற கேள்வி எழும். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். விழும் உடம்பும் படும் வலியும் நிஜம். அன்றைய ஆட்டங்களில் கிமுராவுக்கு அடிவாங்கித் தவிக்கும் வேடம், ரிகிடோசானுக்குக் காப்பாற்ற வரும் வேடம். 1951-இல் பிரேசிலில் ஹீலியோ கிரேஸியையே வென்றவரான கிமுராவுக்கு இது கசந்தது. அதே 1954 டிசம்பர் 22 அன்று இருவரும் மோதினார்கள். சமனில் முடிப்பதாகப் பேச்சு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். நடுவில் ரிகிடோசான் நிஜமாகவே அடிக்கத் தொடங்கினார். கிமுரா சுருண்டு விழுந்தார். அந்தப் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஆட்டம் சண்டையாக மாறும் நொடி அதில் தெளிவாகத் தெரியும். இவரிடம் இருந்த கொடூரத்தையும் மறைக்காமல் காட்டும் ஆட்டம் அது.

யாரும் பேசாத 1955

ரிகிடோசானைப் பற்றி எழுதுபவர்கள் ஷார்ப் சகோதரர்களையும் கிமுராவையும் சொல்லிவிட்டு, உடனே 1957-இல் உலகச் சாம்பியன் லூ தெஸ் வந்த கதைக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் 1955 நவம்பரில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டிகள் விட்டுப்போகும். நமக்கு நெருக்கமானவை அவைதான்.

அந்தப் போட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து கிங்காங் வந்தார். எமில் சாயா என்பது அவருடைய இயற்பெயர். இன்றைய ருமேனியாவில் பிறந்து, இந்தியாவிலும் மலேயாவிலும் மேடையேறி, சிங்கப்பூரில் தங்கிவிட்ட மலை போன்ற மனிதர். தாராசிங்கோடு சேர்த்து நம் பெரியவர்கள் சொல்லும் அதே கிங்காங். அவரோடு வந்தவர் இந்தியாவின் டைகர் ஜோகிந்தர் சிங்.

நவம்பர் 16 அன்று இருவர் அணிக்கான பட்டத்தின் இறுதி ஆட்டம். கிங்காங்கும் ஜோகிந்தர் சிங்கும் ஒரு பக்கம். மறுபக்கம் ரிகிடோசானும் ஹெரால்ட் சகாடாவும். சகாடா 1948 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளுதூக்கலில் வெள்ளி வென்றவர். பிற்பாடு கோல்ட்ஃபிங்கர் என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் வில்லனாக வந்தவரும் அவரே. ஜப்பானின் நாயகன் ஆடியும் சொந்த மண்ணில் பட்டம் கிங்காங்–ஜோகிந்தர் அணிக்குப் போனது. ஆறு நாள் கழித்து, 22-ஆம் தேதி, ரிகிடோசான் கிங்காங்கைத் தனியாக வென்று ஆசியச் சாம்பியன் ஆனார்.

அந்த இருவர் அணிப் பட்டம் இன்றும் ஜப்பானில் இருக்கிறது. அங்கே நடைமுறையில் உள்ள மல்யுத்தப் பட்டங்களில் மிகப் பழையது அதுதான். அதை முதலில் பெற்றவர்களில் ஒருவர் இந்தியர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ஆட்டம் ஏன் மறக்கப்பட்டது என்பதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. வெள்ளைக்கார அமெரிக்கரை ஜப்பானியர் வீழ்த்துகிறார் என்ற கதைக்குள் இது அடங்கவில்லை. அந்த நான்கு பேரையும் எண்ணிப் பாருங்கள். கிங்காங் ருமேனியாவில் பிறந்தவர். ஜோகிந்தர் இந்தியர். சகாடா ஹவாயில் பிறந்தவர். ரிகிடோசான் கொரியர். டோக்கியோவில் ஜப்பானியக் கூட்டத்தின் முன் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜப்பானில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. அது கூட்டத்துக்குத் தெரியாது. மேடையில் இருந்த ஒருவருக்கு நன்றாகத் தெரியும்.

புகழும் பூட்டிய கதவும்

1957 அக்டோபரில் லூ தெஸ்ஸுடன் ஒரு மணி நேரம் மோதிச் சமன் செய்தார். ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் 87 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அவரை வென்றார். பத்தாண்டு கழித்து, 1968-இல், நம் தாராசிங் மும்பையில் வென்றதும் இதே தெஸ்ஸைத்தான். 1963 மே மாதம் முகமூடி அணிந்த டெஸ்ட்ராயருடன் நடந்த ஆட்டத்தின் பார்வையாளர் அளவு 64 சதவீதம். கால்கள் பின்னிக்கொண்டு இருவரும் விடுவிக்க முடியாமல் கிடக்கும் அந்த ஆட்டத்தின் பதிவு, பழைய மல்யுத்தம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

இரண்டு பெரும் சீடர்களையும் உருவாக்கினார். ஒருவர் பேஸ்பால் வீரராக இருந்த ஜயன்ட் பாபா. இன்னொருவர் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பையன் அன்டோனியோ இனோகி. 1976-இல் முகமது அலியோடு மோதிய இனோகிதான் அவர். இருவரும் 1960-இல் ஒரே நாளில் மேடையேறினார்கள்.

மூன்றாவது சீடர் ஒருவர் உண்டு. கொரியாவைச் சேர்ந்த கிம் இல். ரிகிடோசானின் புகழைக் கேள்விப்பட்டு 1958-இல் உரிய அனுமதியின்றிக் கப்பலேறி ஜப்பானுக்கு வந்து பிடிபட்டார். சிறையிலிருந்து ரிகிடோசானுக்குக் கடிதம் எழுதினார். ரிகிடோசான் முயற்சி எடுத்து அவரை வெளியே கொண்டுவந்து சீடராகச் சேர்த்துக்கொண்டார். கிம் இல்லைக் கொரியர் என்று எல்லோரும் அறிவார்கள். குருவும் கொரியர் என்பதை வெளியே சொல்ல முடியாது.

சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அன்றைய ஜப்பானில் கொரியர்களுக்கு நல்ல வேலையும் வாடகை வீடும் கிடைப்பதே கடினம். நாட்டின் மானத்தை மீட்டவர் என்று கொண்டாடிய கூட்டம், அந்த மீட்பர் தங்கள் முன்னாள் காலனியிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் அதே குரலில் கத்தியிருக்குமா? சோதித்துப் பார்க்க அவர் துணியவில்லை. 1963 ஜனவரியில் தென் கொரியாவுக்குப் போனார். ஜப்பானில் அதைப் பற்றி ஆரவாரம் இல்லாமல் பார்த்துக்கொண்டார். வட கொரியாவில் அவருக்கு ஒரு மகளும் இருந்தார்.

வெளியே அவர் முரடர். குடித்தால் கைநீட்டுவார். சீடர்களை அடித்துப் பழக்கினார். 1963 டிசம்பர் 8 இரவு, டோக்கியோவின் ஒரு கேளிக்கை விடுதியில் அற்பத் தகராறு. ரவுடிக் கும்பலைச் சேர்ந்த இளைஞன் வயிற்றில் கத்தியால் குத்தினான். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நிலைமை மோசமாகி, 15-ஆம் தேதி இறந்தார். வயது 39. திருமணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பிறந்த ஊரைப் பற்றிய உண்மை ஜப்பானில் பரவலாகத் தெரிய, அவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின. 1995 ஏப்ரலில் இனோகி வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா நடத்தினார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த அரங்கில் கூடினார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத மண்ணில் குருவின் பெயரைச் சீடர் சொல்ல வைத்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகாமில் வாழும் நம் மொழிக்காரர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் வாசலில் காவல் நிற்பவர், தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர் எல்லோரின் பெயரும் பதிவேட்டில் இருக்கும். எந்த ஊர் என்று நாம் கேட்டால், சிலர் மாநிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் சென்னை என்றே சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை கொஞ்சம் நின்று, ஊர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தயங்காமல் பதில் வருகிறதா என்பது, நாம் கேட்கும் விதத்தைப் பொறுத்தது.