கும்பல் கொலைகளைக் கணக்கெடுத்த ஐடா பி. வெல்ஸ்: யார் இவர்?

அமெரிக்க நிறவெறி பற்றிப் பேச்சு வந்தாலே தவிர்க்க முடியாத பெயர், ஐடா பி. வெல்ஸ். 1862-ல் மிசிசிப்பியில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் பெற்றோரை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, டீச்சர் வேலை பார்த்துத் தம்பி தங்கைகளை வளர்த்தார்.

திருப்பம் எங்கே?

1892-ல் மெம்பிஸ் நகரில், மளிகைக் கடை நடத்திய அவரது நண்பர் உட்பட 3 கறுப்பினத்தவரை, ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய் சுட்டுக் கொன்றது. வெள்ளைக்காரப் பெண்களிடம் அத்துமீறினார்கள் என்பதுதான் இத்தகைய கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம். ஆனா இங்கே அந்தப் புகாரே இல்லை. வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வியாபாரம் நடந்ததுதான் பிரச்னை.

மற்ற கொலைகளையும் விசாரித்தார் வெல்ஸ். பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. இதை எழுதியதும், அவர் வெளியூரில் இருந்தபோது பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊர் திரும்பினால் உயிர் இருக்காது என்ற நிலை.

அவர் அடங்கவில்லை. 1895-ல் வெளியிட்ட 'தி ரெட் ரெக்கார்ட்' நூலுக்கு, வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூனின் எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டார். மிகைப்படுத்துகிறார் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதே!

1931-ல் மறைந்தார். புலிட்சர் கௌரவம் கிடைத்தது 2020-ல். கும்பல் கொலையை வெறுப்புக் குற்றமாக்கும் மத்திய சட்டம் வந்தது 2022-ல்தான்.