பெங்களூர் நாகரத்தினம்மாள்

பதினான்காம் லூயி மன்னனின் காதற்கிழத்தியாக விளங்கிய மான்டெஸ்பான் சீமாட்டிக்கு, 1675-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளின்போது ஒரு பாதிரியார் பாவமன்னிப்பு அளிக்க மறுத்தார் என்று படித்தேன். உடனே எனக்குத் தஞ்சாவூரின் நினைவு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அங்கே ஆண்ட விசயராகவ நாயக்கர், தம் அன்புக்குரிய கணிகை ரங்காஜம்மாளைப் பொன்னால் நீராட்டி அவர் புலமையைப் போற்றினார். மதிப்பு அன்று கல்விக்கு இருந்தது. அடுத்த நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை 584 பாடல்களில் இயற்றினார். கண்ணனுக்கு இளாதேவியைத் தானே மணமுடித்து வைத்துவிட்டுப் பிறகு பொறாமையில் வேகும் ராதையை, அவன் தேற்றுவதுதான் கதை. காதலையும் காமத்தையும் பெண்ணின் பக்கம் நின்று கூசாமல் பேசும் நூல் அது.

நிற்க. அந்த நூலுக்காக வழக்காட வந்தவர், நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு மாதரசி.

நாகரத்தினம்மாள் 1878-இல் நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்தார். தந்தை கைவிட்டார், தாய் புட்டலட்சுமி வளர்த்தார். மைசூரில் வடமொழி பயின்ற பிள்ளை, பின்பு பெங்களூரில் முனுசாமப்பாவிடம் இசை கற்றது. முனுசாமப்பா தியாகராசரின் சீடர் வழியில் வந்தவர். தாயும் இளமையிலேயே மறைந்தார். நீதிபதி நரஹரி ராவ் ஆதரவு தந்து, புகழுக்கு உரிய இடம் சென்னைதான் என்று அறிவுரையும் கூறினார். அம்மையார் சென்னை சென்றார். பாட்டிலும் கதாகாலட்சேபத்திலும் பெரும்பொருள் ஈட்டினார்.

பழைய உரைநூல் ஒன்றில் முத்துப்பழனியின் பெயரைக் கண்ட அவர், காவியத்தைத் தேடி எடுத்தார். கிடைத்த அச்சுப்படியில் பாடல்கள் விடுபட்டிருந்தன. ஏட்டுப்படியோடு ஒப்பிட்டு, 1910-இல் முழுமையாக வெளியிட்டார். இந்தக் கவியை நாணமற்றவள் என்று முன்பே பழித்திருந்தவர் சீர்திருத்தச் செம்மல் வீரேசலிங்கம் பந்துலு. அவருக்கு அம்மையார் அஞ்சவில்லை. நாணம் பெண்ணுக்கு மட்டுந்தானா, ஆண்கள் எழுதிய சிருங்கார நூல்களை மட்டும் ஏற்பது எப்படி என்று முன்னுரையிலேயே கேட்டுவிட்டார். விடை வேறு விதமாக வந்தது. ஆங்கில அரசு நூலை ஆபாசம் என்று தடைசெய்து படிகளைப் பறிமுதல் செய்தது. 1947-இல் பிரகாசம் பந்துலுவின் ஆட்சியில்தான் தடை நீங்கியது.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, தேவதாசிகள் சங்கத்தின் தலைவராக நின்று எதிர்த்தவரும் இவரே. இதில் என் மனம் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கமே நிற்கிறது. அறியாச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டிய வழக்கம் ஒழியத்தான் வேண்டும். ஆனால் தம் குலத்தின் கல்வியையும் சேர்த்து இழிவென்று தள்ளுகிறார்களே என்று அவர் கொண்ட வேதனையைத் தவறென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1921-இல் குரு பிடாரம் கிருஷ்ணப்பாவின் கடிதம் வந்தது. திருவையாற்றில் தியாகராசர் சமாதி பாழடைந்து கிடப்பதாக அவர் எழுதியிருந்தார். அம்மையார் தம் பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். 1926-இல் குடமுழுக்கு நடந்தது. அப்படியிருந்தும், ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை! அவர் சளைக்காமல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். பல ஆண்டுகள் கழித்தே பிரிந்து நின்ற கட்சிகள் ஒன்றாயின. தம் சொத்தையும் அந்தச் சமாதிக்கே எழுதிவைத்தார். பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடையிருக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

1952 மே திங்களில் திருவையாற்றிலேயே மறைந்தார். நண்பர்களோடு ஒரு தை மாதம் அங்கே சென்றிருந்தேன். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் கூடியமர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் வழிபிடித்துச் சென்று, தியாகராசரை நோக்கி அமர்ந்திருக்கும் அம்மையாரின் சிலையையும் வணங்கிவிட்டு வந்தோம்.