விண்மீன்களில் தனிமங்களின் நிலையைக் கணக்கிட வழிகாட்டிய மேகநாத் சாஹா

புதுதில்லி, பிப்.16: சூரியனிலும் பிற விண்மீன்களிலும் உள்ள தனிமங்கள் எவ்வாறு மின்னேற்றம் பெற்ற அயனிகளாக மாறுகின்றன என்பதைக் கணக்கிட வழிகாட்டிய இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் நினைவு தினம் இன்று.

தற்போதைய வங்கதேசத்தின் டாக்கா அருகேயுள்ள சியோரதலி கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி பிறந்தவர் சாஹா. சிறிய மளிகைக் கடை நடத்தி வந்த ஜெகந்நாத் சாஹாவின் எட்டுக் குழந்தைகளில் அவர் ஐந்தாமவர். மகனைக் கடையில் அமர்த்தவே தந்தை எண்ணினார். அருகிலிருந்த ஊரைச் சேர்ந்த மருத்துவர் அனந்தகுமார் தாஸ் தமது வீட்டில் தங்கவைத்து உணவளித்ததால் அவரது படிப்பு தொடர்ந்தது.

டாக்காவில் பயின்றபோது, வங்கப் பிரிவினைக்கு எதிரான போராட்டக் காலத்தில் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கல்வி உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளியில் சேர்ந்து படித்து, 1911-ஆம் ஆண்டு கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இடம் பெற்றார். அங்கு விடுதியில் அவருடன் அமர்ந்து உண்ணச் சாதியைக் காரணம் காட்டிச் சிலர் மறுத்தனர். அதே கல்லூரியில் சத்யேந்திரநாத் போஸ் அவரது வகுப்புத் தோழராகவும், பிரஃபுல்ல சந்திர ராய், ஜகதீச சந்திர போஸ் ஆகியோர் ஆசிரியர்களாகவும் அமைந்தனர்.

அக்காலத்தில் வானியலாளர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. பூமியில் காணப்படும் ரூபீடியம், சீசியம் ஆகிய தனிமங்களின் கோடுகள் சூரிய நிறமாலையில் தென்படவில்லை. அவை சூரியனில் இல்லையா என்ற ஐயம் எழுந்தது.

அணுக்கள் எலக்ட்ரானை இழந்தாலோ, ஏற்றாலோ அயனிகளாகின்றன. பூமியில் நிகழும் வேதிவினைகளில் சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. வெளிச்சுற்றில் ஆறு எலக்ட்ரான்களைக் கொண்ட கந்தகமோ, உலோகங்களிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று எதிர்மின் அயனியாகிறது. விண்மீன்களில் நிலைமை வேறு. அங்கு நிலவும் கடும் வெப்பத்தில் அணுக்கள் மோதிக்கொள்ளும்போது எலக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. போதிய வெப்பம் இருந்தால் கந்தகமும் அங்கு எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிவிடும்.

எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், ஒரு தனிமத்தின் அணுக்களில் எவ்வளவு பங்கு அயனிகளாகும் என்பதைக் கூறும் சமன்பாட்டை சாஹா உருவாக்கினார். 1920-ஆம் ஆண்டு அது லண்டனின் அறிவியல் இதழான ஃபிலசாஃபிகல் மேகசினில் வெளியானது. எலக்ட்ரானை எளிதில் இழக்கும் ரூபீடியமும் சீசியமும் சூரியனில் பெரும்பாலும் அயனிகளாகிவிடுவதால்தான் அவற்றின் வழக்கமான கோடுகள் தென்படவில்லை என்று அவர் விளக்கினார். வெப்பம் சற்றுக் குறைந்த சூரியப் புள்ளிகளில் ரூபீடியத்தைக் காண இயலும் என்றும் கணித்தார். அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதைப் பின்னர் உறுதி செய்தார்.

சூரியனின் மேலடுக்குகளில் கால்சியம் அயனிகளின் கோடுகள் வலுவாக இருப்பதற்கும் இதே சமன்பாடு விடையளித்தது. அழுத்தம் குறையும்போது, பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அணுவுடன் இணையும் வாய்ப்பும் குறைகிறது. இச்சமன்பாட்டின் துணையுடனேயே 1925-ஆம் ஆண்டு சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்ற முடிவை எட்டினார்.

1923-ஆம் ஆண்டு முதல் 15 ஆண்டுகள் அலாகாபாத் பல்கலைக்கழகத்தில் சாஹா பணியாற்றினார். 1927-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் அவர் நிறுவிய அணு இயற்பியல் நிறுவனம் இன்று அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

வங்கத்தின் வெள்ளப் பாதிப்புகளை இளமை முதலே கண்டவர், தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்திற்காகக் குரல் கொடுத்தார். 1952-ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்து போட்டியிட்டு மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை வகித்தார்.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார். அவரது குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி, அதற்கு அடுத்த ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.