பச்சையப்பர்: பிசினஸ் ஸ்கூல் பார்க்காத துபாஷ், இந்தியாவின் முதல் வணிகப் பள்ளிக்குப் பணம் தந்த கதை

பச்சையப்பன் காலேஜ் என்றால் பஸ் டே, ரூட்டு தல, அண்ணா படித்த இடம். இவ்வளவுதான் நம்மில் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவில் வணிகக் கல்வியின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் வரியில் வருவது இந்தப் பெயர்தான். 1886-ல் நாட்டின் முதல் வணிகப் பள்ளியைச் சென்னையில் தொடங்கியவர்கள் பச்சையப்பன் அறக்கட்டளையின் அறங்காவலர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணத்தை விட்டுச் சென்ற பச்சையப்ப முதலியார் அப்போது இறந்து 92 வருஷம் ஆகியிருந்தது. இப்படி ஒரு பள்ளி வரும் என்று அவர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்.

யார் இந்தப் பச்சையப்பர்?

ஆடி மாசம் வந்தால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கிளம்புவார்கள். அந்தப் பெரியபாளையத்தில்தான் 1754-ல் பச்சையப்பர் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். கையில் காசில்லாத அம்மா, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார்.

அடைக்கலம் கொடுத்தவர் பௌனி நாராயண பிள்ளை. வெள்ளைக்காரர்கள் அன்று கறுப்பர் நகரம் என்று அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனில் செல்வாக்குள்ள துபாஷ் அவர். பையனுக்கு ஆங்கிலமும் கணக்கும் வியாபாரமும் அவர் நிழலில்தான் கிடைத்தன. இன்றைய பாஷையில் சொன்னால், நாராயண பிள்ளை வீடுதான் பச்சையப்பரின் பிசினஸ் ஸ்கூல்.

துபாஷுக்கு என்ன வேலை?

துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். ஆனால் மொழிபெயர்ப்பு அந்த வேலையில் ஒரு சின்னப் பகுதிதான். அன்றைய வடசென்னையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும்.

போகும் சரக்கில் முக்கியமானது துணி. நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகவே கவர்னர் காலெட் காலத்தில் திருவொற்றியூர் பக்கம் ஒரு பேட்டை உருவானது. அவர் பெயரில் வந்த காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. துணியை வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை.

நெசவாளருக்கு முன்பணம், துணியின் தரம், விலை பேசுதல், கிடங்கு, படகுக் கூலி, கடன், வட்டி என எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். வெள்ளைக்கார வியாபாரிக்கு ஊர் தெரியாது. ஊர்க்காரருக்கு வெள்ளைக்காரர் பேச்சு புரியாது. இந்த இடைவெளியில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பு ஏற்று, கமிஷன் வாங்கியவர்தான் துபாஷ்.

பச்சையப்பர் இதில் கெட்டிக்காரர். இளம் வயதிலேயே சல்லிவன் சகோதரர்களுக்குத் துபாஷ் ஆனார். அதன் பிறகு தஞ்சாவூருக்குப் போனார். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காகத் தஞ்சை மன்னர் திணறிக்கொண்டிருந்த காலம் அது. மன்னருக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பச்சையப்பர் வளர்ந்தார்.

இந்தப் பணத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மன்னர் வாங்கிய கடனும் கம்பெனிக்குக் கட்டிய தொகையும் கடைசியில் வயலில் நின்றவர் தலையில்தான் வரியாக விடிந்தன. துபாஷ்கள் மேல் அன்றைக்கு ஊரில் மரியாதை இருந்தது, பயமும் இருந்தது.

சென்னையில் கூவம் கரையோரம் கோமளீஸ்வரன்பேட்டையில் அவருக்கு வீடு. தினமும் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீஸ்வரரைக் கும்பிடுவார் என்று இன்றும் சொல்வார்கள். இன்றைய கூவத்தைப் பார்த்தவர்களுக்கு நம்புவது கஷ்டம்தான். சிதம்பரம் கோயில் திருப்பணிக்கும் பணம் கொடுத்தார்.

உயிலில் பள்ளிக்கூடம் இருந்ததா?

40 வயதில் உடம்பு படுத்தது. 1794 மார்ச் 22-ல் உயில் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31-ல் திருவையாற்றில் உயிர் பிரிந்தது.

இரண்டு மனைவிகள் இருந்தும் ஆண் வாரிசு இல்லை. சொத்தின் பெரும்பகுதியை அவர் தர்மத்துக்கு எழுதிவைத்தார். கோயில் வழிபாடு, அன்னதானம் போன்றவைதான் அவர் மனசில் இருந்த தர்மம். ஆங்கிலப் பள்ளியோ, கல்லூரியோ, வணிக வகுப்போ அதில் இல்லை. தொகை சுமார் 1 லட்சம் வராகன். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காலத்து மூன்றரை லட்சம் ரூபாய்.

47 வருஷம் பணம் எங்கே போனது?

நம் குடும்பங்களில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. சொத்து யாருக்கு என்று உறவுக்குள் சண்டை. வழக்கு மேல் வழக்கு. எழுதிவைத்த தர்மம் வருஷக்கணக்கில் நடக்கவில்லை. உயில் காகிதமாகவே கிடந்தது.

பொதுத் தர்மத்துக்கு எழுதிய பணம் என்பதால் அரசின் தலைமை வழக்கறிஞர் தலையிட முடிந்தது. முதலில் ஹெர்பர்ட் காம்ப்டன், பிறகு ஜார்ஜ் நார்ட்டன். பணம் எங்கே, கணக்கு எங்கே என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அன்றைக்கு அந்தக் கோர்ட் இருந்தது சென்னையிலேயே.

இதற்குள் வட்டி மேல் வட்டி சேர்ந்து தொகை வளர்ந்திருந்தது. கோர்ட் எடுத்த முடிவு சுவாரஸ்யமானது. உயிலில் சொன்ன சமய தர்மங்களுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. அதில் யாரும் கை வைக்க முடியாது. அது போக மிஞ்சியது கல்விக்கு. மொத்தத்தையும் நடத்த இந்து அறங்காவலர்கள் கொண்ட ஒரு குழு.

ஆக, பச்சையப்பர் பெயரில் எழுந்த பள்ளிகள் அவர் போட்ட திட்டம் அல்ல. அவர் பணத்தின் மிச்சம்.

பள்ளி தொடங்கியது எப்படி?

1842 ஜனவரி 1-ல் ஜார்ஜ் டவுனில் பச்சையப்பன் மத்தியப் பள்ளி திறந்தது. அரசோ மிஷனரிகளோ நடத்தாமல், இந்தியர் பணத்தில் இந்தியர் நடத்திய ஆங்கிலப் பள்ளி என்பது அன்று பெரிய விஷயம். 1850-ல் எஸ்பிளனேடில் சொந்தக் கட்டடம் வந்தது. ஏதென்ஸில் உள்ள ஒரு கிரேக்கக் கோயிலின் சாயலில் கட்டிய பச்சையப்பன் ஹால் அது. பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலை நெரிசலில் பலரும் நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போகும் கட்டடம். 1889-ல் இது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்ததுதான் வணிகப் பள்ளி. பச்சையப்பர் காலத்துச் சென்னை அப்போது மாறிப்போயிருந்தது. 1856-லேயே ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1881 புயலில் சிதைந்த துறைமுகத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கம்பெனி, ரயில்வே, பேங்க், ஏற்றுமதி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒற்றைத் துபாஷ் அல்ல. கணக்கு எழுதவும் வணிகக் கடிதம் எழுதவும் தெரிந்த நூற்றுக்கணக்கான ஆட்கள். ஒரு துபாஷ் வீட்டில் எடுபிடியாக நின்று கற்றதை, இனி வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து கற்கலாம் என்றானது.

உலகத்தோடு ஒப்பிட்டால்?

அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளி 1881-ல் வந்தது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பொருளாதாரப் பள்ளி 1909-லும், டென்மார்க்கில் கோபன்ஹேகன் வணிகப் பள்ளி 1917-லும்தான் வந்தன. மும்பையின் சிடன்ஹாம் கல்லூரிக்கு 1913. சென்னையில் 1886-ல் தொடங்கியது இவற்றைப் போன்ற உயர்கல்வி அல்ல, அடிப்படை வணிகப் பயிற்சிதான். ஆனாலும் எண்ணம் முந்திக்கொண்டது.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். வார்ட்டனுக்குப் பணம் கொடுத்த தொழிலதிபர் ஜோசப் வார்ட்டனும், ஸ்டாக்ஹோம் பள்ளிக்குக் கொடுத்த வங்கியாளர் வாலன்பெர்க்கும் என்ன பள்ளி வேண்டும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். சென்னையில் கொடுத்தவர் உயிரோடு இல்லை. அவர் இடத்தில் நின்று முடிவெடுத்தது ஒரு குழு. அந்தக் குழுவுக்கு வரம்பு போட்டது ஒரு கோர்ட்.

கதவு யாருக்குத் திறந்தது?

குழுவுக்கும் குருட்டுப் பக்கம் இருந்தது. நெசவாளர், படகுக்காரர், உழவர் என எல்லார் உழைப்பிலும் சேர்ந்த பணம் இது. ஆனால் ஆதிதிராவிட மாணவர்களுக்கு நெடுங்காலம் இங்கே இடம் இல்லை. போராடித்தான் 20-ம் நூற்றாண்டில் உள்ளே வந்தார்கள். இந்து அல்லாத மாணவர்களுக்கு 1947 வரை கதவு மூடியே இருந்தது.

நாம் எதற்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நன்கொடை கொடுப்பதோடு ஒரு நல்ல காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதற்குப் பச்சையப்பர் கதை நேரடிச் சாட்சி. பணம் இருந்தது, உயில் இருந்தது. இருந்தும் அரை நூற்றாண்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பணம் முடங்கியது கணக்குக் கேட்க ஆள் இல்லாதபோது. அசைந்தது கணக்குக் கேட்ட பிறகு.

இது பழைய கதையும் அல்ல. அண்மை ஆண்டுகளில்கூட இந்த அறக்கட்டளையின் நிர்வாகச் சிக்கல்கள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வணிகப் பள்ளியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் வரவு, செலவு, இருப்பு. பச்சையப்பர் விட்டுச் சென்ற பணம் பிழைத்ததும் அந்தப் பாடத்தால்தான், இனி பிழைக்கப் போவதும் அதனால்தான்.