தூரிகையால் தாயகம் கண்ட அம்ரிதா ஷேர்-கில்

தில்லி மாநகரில் லோதித் தோட்டத்தை அடுத்து ஒரு சாலை அம்ரிதா ஷேர்-கில்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்மவருள் பலர் அப்பெயருக்குரியவர் யாரென எண்ணிப் பார்த்ததில்லை. இருபத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அவ்வம்மையாரின் வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வந்து வேறோர் ஊரில் மக்களை வளர்க்கும் நமக்கு நெருக்கமானது. தாம் எந்நாட்டவர் என்னும் வினா பிறப்பிலேயே அவரைப் பற்றிக்கொண்டது.

1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில் அவர் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா பெருங்குடியைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியிலும் பாரசீகத்திலும் புலமை மிக்கவர். புகைப்படக் கலையிலும் வல்லவர். தாயார் ஹங்கேரி நாட்டு இசைவாணி. 1921-இல் குடும்பம் சிம்லாவில் வந்து குடியேறியது. கடவுள் நம்பிக்கை தமக்கில்லை என்று துணிந்து கூறியமையால் கன்னிமாடப் பள்ளியிலிருந்து அச்சிறுமி விலக்கப்பட்டார். மனத்திற் பட்டதை மறைக்கத் தெரியாத இவ்வியல்பு இறுதிவரை மாறவில்லை.

1929-இல் பாரிஸ் சென்று, அங்குள்ள புகழ்பெற்ற கலைப்பள்ளியில் லூசியன் சிமோன் என்பாரிடம் பயின்றார். அக்காலத்தே அவர் மிகுதியாகத் தீட்டியது தம் முகத்தையே. ஒரு படத்தில் சிரித்து மகிழும் ஐரோப்பிய நங்கை. மற்றொன்றில் சிந்தையில் ஆழ்ந்த கீழ்நாட்டுப் பெண். 1934-இல், தஹிதித் தீவுப் பெண்ணாகவே தம்மை எழுதிக்கொண்டார். கருமை தோய்ந்த மேனியும், வேறெங்கோ செல்லும் பார்வையும், பின்னே ஓர் ஆடவனின் நிழலும் கொண்ட படம் அது. வெறும் தற்பெருமையால் இவை எழுந்தன என்று நாம் கருதவில்லை. எந்த முகம் தமக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாய் அணிந்து பார்த்தவர் அவர். 'இளம் பெண்கள்' என்னும் ஓவியத்திற்காக 1933-இல் பாரிஸ் கலைக்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

புகழ் கைகூடிய அந்நகரை விட்டு 1934-இன் இறுதியில் இந்தியாவுக்கு மீண்டார். மறு ஆண்டு சிம்லாக் கலைச்சங்கம் அவருடைய ஓவியங்களிற் சிலவற்றை ஏற்க மறுத்து, ஒன்றிற்கு மட்டும் பரிசளித்தது. அம்மையார் பரிசைத் திருப்பியனுப்பிவிட்டார்!

1936-இன் பிற்பகுதியில் தொடங்கிய தென்னாட்டுப் பயணமே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம். அஜந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி வரை சென்றார். இரவிவர்மாவின் படங்களில் அவர் மனம் தோயவில்லை. இதில் நம்மவர் சிலர் அவரோடு பிணங்கக்கூடும், பிணங்கட்டும். சிம்லா திரும்பியதும், 1937-இல், 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்னும் மூன்றையும் தீட்டினார். வெண்ணிற வேட்டியும் பூணூலுமாய் அமர்ந்திருக்கும் அவ்விளைஞரின் கரிய மேனியில், நம் ஊர் வெயிலை நாம் காண்கிறோம். தென்னவர் நிறத்தை வெளுத்துக் காட்டாமல், அதன் அழகை அவ்வாறே எழுதிய கை அது. தம் முகத்தையே எழுதிவந்தவர் இந்நாட்டுக்கு மீண்டபின் அதனைப் பெரும்பாலும் விட்டொழித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. பிறர் முகங்களில் தம்மைக் கண்டுகொண்டார் போலும்.

ஆயினும் பொருள்வரவு சுருங்கியே இருந்தது. ஐதராபாத்தில் நவாப் சாலார் ஜங் பார்வைக்கென வைத்துக்கொண்ட ஓவியங்களும் விலைபோகாது திரும்பின. 1937-இல் தீட்டிய 'கதை சொல்பவர்' 2023-இல் அறுபத்தொரு கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. அதில் ஒரு காசும் அவருக்குரியதன்று.

1938-இல் ஹங்கேரி சென்று, உறவினரும் மருத்துவருமான விக்டர் ஈகனை மணந்தார். மறு ஆண்டு இருவரும் திரும்பி, கோரக்பூரை அடுத்த சராயாவில் குடும்பப் பண்ணையில் தங்கினர். முற்றத்துப் பெண்களும், கட்டிலில் சாய்ந்திருப்போரும் அங்கே அவருடைய ஓவியங்களாயினர். பழைய முகலாய, பஹாடிச் சிற்றோவியங்களின் சாயலும் அவற்றிற் கலந்தது.

1941-இல் தம்பதியர் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கண்காட்சியொன்று நிகழவிருந்த தறுவாயில் அம்மையார் திடீரென நோயுற்று, டிசம்பர் 5-ஆம் நாள் இயற்கை எய்தினார். மாடியிலிருந்து தெரிந்த வீடுகளையும் எருமைகளையும் எழுதத் தொடங்கிய படம் முற்றுப்பெறவில்லை.

அவருடைய ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பெற்றமையால் அவற்றை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடந்தருவதில்லை. 1954-இல் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் தொடங்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவற்றுட் பல உள்ளன. 'பிரம்மச்சாரிகள்' அக்கூடத்தைச் சேர்ந்ததே. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதற்கு நமக்குத் தொலைவு அதிகமில்லை.